பாதி வயல்

ஜூன் 6

கடைமடைக்காரிக்கு,

பாசனச் சங்க நோட்டீஸோடு சேர்த்து இதையும் மடைக்காரர் கொண்டுவந்து கொடுப்பார். நோட்டீஸை முதலில் படி. படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்காமல் இதையும் படி.

நேற்றுக் கூட்டத்துக்கு நீ வரவில்லை. அணையில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர்தான் இருக்கிறதாம். வாய்க்கால் முழுக்க விட்டால் ஒருவருக்கும் ஒரு போகம் தேறாது என்று சங்கத் தலைவி சொன்னார். அந்த டீச்சரம்மா பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் பிரம்பை இறக்கிவைக்கவில்லை. அதனால் பஞ்ச காலத்து ஏற்பாட்டை இந்த வருஷம் மறுபடி கொண்டுவருகிறார்கள். வாய்க்காலின் கீழ்ப்பாதியில் யாரும் விதைக்கக் கூடாது. மேலே நிலம் உள்ளவர்கள் தங்கள் வயலில் பாதியைக் கீழ்ப்பாதிக்காரர் ஒருவருக்கு இந்த ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தண்ணீர் தூரம் போகாமல் எல்லார் அடுப்பும் எரியட்டும் என்பது கணக்கு.

யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கினார்கள். இருபத்திரண்டு சீட்டில் எனக்கென்று வந்து விழுந்தது உன் சீட்டு. திரும்பக் குலுக்கச் சொன்னேன். "ஏன், பிடிச்ச சீட்டு வர்ற வரைக்கும் குலுக்கிட்டே இருக்கலாமா?" என்று டீச்சரம்மா கேட்டார். சபையே சிரித்தது. உன்னால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

வயலை உரிமையாளர் பிரிக்க வேண்டும், வருகிறவர் தனக்கு வேண்டிய பாதியைச் சொல்ல வேண்டும். வாய்க்காலிலிருந்து தென்கரை வரைக்கும் நடுவில் வரப்புப் போட்டுவிட்டேன். கிழக்கா மேற்கா, ஒரு வார்த்தை எழுதி அனுப்பு.

நீயும் நானும் பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஒரே வயலில் இறங்குகிறோம் என்பதற்காக அது மாறாது. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. வீட்டுப் பக்கம் வராதே. என் போனில் உன் நம்பரை அடைத்தது அடைத்ததுதான். அறுவடை முடிந்த மறுநாள் காலி செய்துவிட வேண்டும். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்தவன் கதை எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
தலைமடை நிலத்தின் உரிமையாளர்

ஜூன் 8

தலைமடை மகாராஜா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய ஓலை கிடைத்தது. தாங்களும் தங்கள் வயலும் சௌக்கியமாக இருப்பது பற்றி மிகுந்த வருத்தம்.

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். அன்று செங்கல் சூளைக்காரர் என் வீட்டுக்கு வந்திருந்தார். என் நிலத்து மண் கல் அறுக்க நன்றாக வருமாம். இரண்டு வருஷமாக நான் என் நிலத்தில் ஒரு கதிர் பார்க்கவில்லை. நீங்கள் எல்லாரும் குடித்து, குளித்து, கொப்பளித்துத் துப்பினது கசிந்து வந்தால்தான் எனக்குத் தண்ணீர். இந்தப் போகமும் கைவிட்டால் நிலத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் இயந்திரத்தை இறக்கி ஆளுயரத்துக்கு அள்ளிவிட்டால் அப்புறம் அது நிலம் இல்லை, பள்ளம். இதைத் தெரிந்துகொள். இது என் கடைசிப் போகமா இல்லையா என்பதை உன் பாதி வயலில் நான் விளைவிக்கப்போவதுதான் சொல்லும்.

அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோது நான் என்ன கேட்டேன்? மேலேயும் பாதி, கீழேயும் பாதி. "நிலம்னா நிலம்தான், அளவு சரியா இருக்கா இல்லையா?" என்று சொல்லி மேலே உள்ளது முழுவதையும் நீ எடுத்துக்கொண்டாய். அளவு சரிதான். தண்ணீரை யார் அளந்தது?

இப்போது பாதி விஷயம். நேற்று வந்து பார்த்தேன். கிழக்குப் பக்கம் நான்கு வண்டி எருவைக் கொட்டிப் பரப்பி வைத்திருக்கிறாய். நீயாவது, ஒருத்திக்கு இலவசமாக எரு போடுகிறவனாவது! எலிப்பொறிக்குள் கருவாட்டுத் துண்டு வைத்தாயிற்று, எலி நுழையட்டும் என்று காத்திருக்கிறாய். ஏமாந்த காலம் போயிற்று. மேற்குப் பாதி எனக்கு.

இப்படிக்கு,
உன் வயலின் பாதியில் நிற்கப்போகிறவள்

ஜூன் 12

கெட்டிக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்து உன் அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. முதுகில் நான்கு தட்டுத் தட்ட வேண்டியதாயிற்று.

அந்த எரு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே போட்டது. அப்போது சீட்டும் இல்லை, நீயும் இல்லை. சீட்டு விழுந்த பிறகு அதை வாரி மேற்குப் பக்கம் கொட்டியிருக்கலாம், மனசு வரவில்லை. உன் அண்ணி வேறு, "இருக்கட்டும், அது குடுத்து வெச்சது" என்றாள். அந்தப் பாதிதான் நல்ல பாதி, பள்ளம், தண்ணீர் நிற்கும். உன் மேற்குப் பாதியில் என்ன இருக்கிறது தெரியுமா? களர். நடுவில் இரண்டு கட்டில் போடுகிற இடத்துக்கு உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். உழுத ஈரத்தில் உன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. மேடும்கூட.

வாழ்க்கையில் இந்த ஒரு தடவை நான் உன்னிடம் நேர்மையாக நடந்தேன். எருவைப் பார்த்துப் பயந்து ஓடியவள் இந்த வாய்க்காலில் நீ ஒருத்திதான். மாற்றிக்கொடு என்று கேட்காதே, டீச்சரம்மா பதிவேட்டில் ஏற்றிவிட்டார்.

சூளைக்காரருக்குக் கொடுப்பதானால் தாராளமாகக் கொடு. எனக்கென்ன? வாய்க்காலில் அரை மைல் தூர் வாருகிற வேலை எல்லாருக்கும் மிச்சம்.

இப்படிக்கு,
எருவின் சொந்தக்காரன்

ஜூலை 24

அண்ணிக்குப் புரையேற வைத்தவருக்கு,

மடைக்காரர் இன்றைக்குக் கறாராகச் சொல்லிவிட்டார். "அம்மா, நான் தண்ணி தொறந்து விடுறவன், தபால்காரன் இல்ல. இனிமே உங்க வயலுக்கு முறை வர்ற அன்னைக்கு மட்டும்தான் லெட்டர் வாங்குவேன், குடுப்பேன். மத்த நாள்ல உங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்." பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனவே இனி எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் உன்னைத் திட்ட முடியும். சேர்த்துவைத்துத் திட்டுகிறேன்.

நட்ட அன்று என் கடைசி வரிசை நாற்றுக்கும் வரப்புக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. நேற்று அளந்தேன், ஒன்றரை முழம். நாற்று நகர்ந்து போகுமா? வரப்புதான் நகர்ந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நகரவில்லை, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருக்கிறது. உன் பக்கம் மண்வெட்டியால் சீவி, சீவின இடத்தில் ஒரு வரிசை கூடுதலாக நட்டிருக்கிறாய். இன்னும் பச்சைகூடப் பிடிக்கவில்லை, புதிதாக நட்டது.

ஒரு வரிசை நாற்றுக்காக வரப்பைத் தின்கிற மனுஷன் நிலத்தைப் பிரிக்கும்போது என்னென்ன தின்றிருப்பான்?

என் முறை இரண்டு மணி நேரம், உன் முறை இரண்டு மணி நேரம். நடுவில் அந்த வரப்புதான் நியாயம். அதில் கைவைக்காதே.

இப்படிக்கு,
அளந்து பார்க்கிறவள்

ஆகஸ்ட் 1

அளந்து பார்க்கிறவளுக்கு,

என் பக்கம் ஒரு வரிசை கூடுதலாக இருப்பது உண்மை. உன் பக்கம் அரை முழம் கூடுதலாக இருப்பதும் உண்மை. அந்த அரை முழம் எங்கிருந்து வந்தது? உன் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டாய், நன்றி. ஒரு முழம் ஒன்றரை முழம் ஆனது என் பக்கம் சீவினதாலா? நீ உன் பக்கம் சீவுவதை என் கண்ணால் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளையின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, புல் செதுக்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டு.

மாப்பிள்ளையைத் தையல் கடையில் பார்த்துக் கேட்டேன். "மச்சான், நான் துணி வெட்டுறவன். வரப்பு வெட்டுறவங்க பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு மிஷினை வேகமாக மிதித்தார். உன்னோடு குடித்தனம் செய்கிறவருக்கு வேறு வழி ஏது?

நான் சீவினேன் என்றால் நீ சீவினதற்குப் பதில். நீ நிறுத்து, நான் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
பார்த்தவன்

ஆகஸ்ட் 9

பார்த்தவருக்கு,

நேற்று டீச்சரம்மா வயல் வயலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நம் வரப்பில் கால் வைத்தார், கால் வழுக்கி உன் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்றாக நின்றார். "இது என்னம்மா, வரப்பா, தலையில எடுத்த வகிடா?" என்று கேட்டார். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் மண்ணு வெச்சுக் கட்டுங்க. உடைஞ்சா சங்கம் பொறுப்பு இல்ல. வெச்ச தண்ணி வெச்சதுதான், திருப்பித் தர மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கட்டலாம். நீ முதலில் கட்டு. முதலில் சீவினவன் நீ.

இப்படிக்கு,
காத்திருப்பவள்

ஆகஸ்ட் 17

முதலில் சீவினவள் நீ. நீ முதலில்.

ஆகஸ்ட் 25

முடியாது. நீ முதலில்.

செப்டம்பர் 10

படுபாவிக்கு,

எழுதத் தாள் இல்லாமல் சங்க நோட்டீஸின் முதுகில் எழுதுகிறேன். மடைக்காரர் பக்கத்தில்தான் நிற்கிறார். எழுதி முடித்ததும் இருபது அடி நடந்து வந்து உன்னிடம் கொடுப்பார். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

என் முறை ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். மடை வாயில் கோரை அடைத்துக்கொண்டது, குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே போகிறது, ஆனால் ஏறவில்லை. என்னடா இது என்று நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு வரப்பே இல்லை. என் மேட்டிலிருந்து மொத்தமும் உன் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கத்தினேன். "அண்ணே" என்றுதான் வாயில் வந்தது, விழுங்கிவிட்டு "ஐயோ, தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். நீ திரும்பவில்லை.

மடைக்காரர் ஓடிவந்து மண்ணை வெட்டிப் போட்டு அடைப்பதற்குள் என் இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. அப்புறம் உன் முறை. ஏற்கனவே உன் வயலில் முழங்கால் தண்ணீர், அதன் மேல் உன் பங்கும். எனக்கு மடை வாயில் நான்கு வரிசை நனைந்திருக்கிறது.

இனி எட்டு நாள் முறையும் கிடையாதாம். அணையில் ஒரே ஒரு தடவை திறந்துவிடத்தான் இருக்கிறதாம், அதை இருபத்தாறாம் தேதிக்கு வைத்திருக்கிறார்களாம். பதினாறு நாள்! என் கதிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. மேட்டு நிலம், களர் நிலம், நாளைக்கு மறுநாள் வெடிக்க ஆரம்பிக்கும். வெடித்த நிலத்துக்கு இரண்டு மணி நேரத் தண்ணீர் எந்த மூலைக்கு? முதல் பத்து அடி வெடிப்பே மொத்தத்தையும் குடித்துவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயிற்று.

நான் சீவவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சீவினேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்றுதான் சீவினேன். மூக்கு போய்விட்டது. சூளைக்காரருக்குச் சொல்லி அனுப்பப்போகிறேன். நீ ஜெயித்துவிட்டாய், போ.

உன் தங்கை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறவள்

செப்டம்பர் 11

தங்கச்சிக்கு,

இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நேற்று நீ கத்தியது எனக்குக் கேட்டது. அதற்கு முன்னாலேயே தெரியும். என் காலில் தண்ணீர் ஏறியது. என் முறை ஆரம்பிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது என் காலில் எப்படித் தண்ணீர் ஏறும்? வரப்பு போய்விட்டது என்று அந்த நிமிஷமே தெரிந்தது. கால் மணி நேரம் பேசாமல் நின்றேன். நல்லா வேணும் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்படித்தான் நினைத்தேன், மாற்றி எழுத என்னால் முடியவில்லை.

வீட்டுக்குப் போய் உன் அண்ணியிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "அந்தத் தண்ணியில வெளையிறத நீங்களே தின்னுங்க. எனக்கும் பிள்ளைங்களுக்கும் வேணாம்" என்றாள். அதற்கு அப்புறம் என்னோடு பேசவில்லை.

இன்று காலையில் டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். கடைசித் தண்ணீரில் என் இரண்டு மணி நேரத்தையும் உனக்கே கொடுங்கள் என்று கேட்டேன். முடியாதாம். "முறையை ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கை மாத்திக் குடுக்கக் கூடாது. இன்னைக்கு நீங்க தங்கச்சிக்குக் குடுப்பீங்க, நாளைக்கு ஒருத்தன் விக்க ஆரம்பிப்பான். அப்புறம் சங்கம் எதுக்கு, சந்தை போதுமே." நான் விடவில்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வரப்பு இருக்கிற வரைக்கும்தான் அது ரெண்டு வயல், ரெண்டு முறை. வரப்பையே எடுத்துட்டீங்கன்னா ஒரே வயல். நாலு மணி நேரமும் அந்த வயலுக்குத்தான். தண்ணிய எந்தப் பக்கத்தால உள்ள விடுறீங்கன்னு நான் வந்து பார்க்க மாட்டேன்." பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் கேட்டுக்கொள். இருபத்தாறாம் தேதி காலையில் மிச்சமிருக்கிற வரப்பை வெட்டி எடுத்துவிடுவேன். நான்கு மணி நேரமும் உன் மடை வாய் வழியாகத்தான் இறங்கும். என் தென்கரையை இரண்டு முழம் உயர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே போகிற தண்ணீர் வெளியேறாமல் நின்றால்தான் உன் மேடு வரைக்கும் திரும்ப ஏறும். என் பயிர் குறைந்த நாள் பயிர், அதற்குள் கதிர் கனத்துத் தலை தொங்கும். அவ்வளவு தண்ணீரில் பாதி படுத்துவிடும். படுக்கட்டும்.

அதுவரைக்கும் வெடிப்புகள் மேல் வைக்கோலைப் பரப்பி வை. சூளைக்காரரிடம் இருபத்தாறு கழியட்டும் என்று சொல். பதினைந்து நாள் பொறு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நன்றி கின்றி என்று எழுதினாயானால் கிழித்துப் போட்டுவிடுவேன். பேச்சு நின்றது நின்றதுதான். மடைக்காரரை அணைக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். சைக்கிளில் அங்கேயே போய் இதை அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். முறை நாள் இல்லாவிட்டாலும் இந்த ஒரு தடவை உன்னிடம் சேர்த்துவிடுவார்.

அண்ணன்

செப்டம்பர் 26

அண்ணனுக்கு,

இன்று காலையில் நான் வயலுக்கு வந்தது செத்தது எவ்வளவு, பிழைத்தது எவ்வளவு என்று பார்க்க. பதினாறு நாளாக அந்தப் பக்கமே வரவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. வந்தால் நீ வரப்பை வெட்டிக்கொண்டிருக்கிறாய். மிச்சத்தையும் பிடுங்கிக்கொள்கிறான் என்று நினைத்தேன். கையில் அரிவாள் இருந்தது. அதோடுதான் ஓடிவந்தேன், நீ பார்க்கவில்லை, குனிந்திருந்தாய்.

மடைக்காரர் குறுக்கே வந்து நின்றார். வண்டியின் சீட்டைத் தூக்கி, ஸ்பானருக்கும் எண்ணெய்த் துணிக்கும் அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "உங்க அண்ணன் குடுத்ததும்மா. பதினஞ்சு நாளா வண்டியிலயேதான் கெடக்கு. முறை அன்னைக்குத்தான இந்தப் பக்கம் வருவேன்?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அப்படித்தானே பேச்சு.

கால் நனைய நனைய நின்று படித்தேன். நீ எழுதினபடியே தண்ணீர் உன் தென்கரையில் முட்டித் திரும்பி என் மேடு வரைக்கும் ஏறியது. களர்த் திட்டுப் போக மிச்சம் பிழைத்துவிடும். உன் பக்கம் பயிர் படுக்க ஆரம்பித்ததையும் பார்த்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூளைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு ஓடினேன். ஒரு நாள்தானே ஆகிறது, விட்டுவிடுங்கள் என்றேன். "இந்த வாரமே மெஷினுக்குச் சொல்லியாச்சும்மா" என்றார். அவரும் என்ன செய்வார்? நான்தான் அவரைத் தேடிப் போனேன்.

அண்ணே, அணைக்குப் போகிற ரோடு எது? என் வீட்டு வாசல்தானே? அன்றைக்கு நீ சைக்கிளில் போவதை என் வீட்டுக்காரர் வாசல் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்து, "உங்க அண்ணன் இந்த வெயில்ல எங்க போறாரு?" என்று கேட்டார். "எங்கயோ எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்றேன் நான். என் வாசலைத் தாண்டிப் போய், இன்னும் மூன்று மைல் மிதித்து, எனக்கு எழுதின கடிதத்தை அணையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் என் வாசலைத் தாண்டித் திரும்பியிருக்கிறாய். ஒரு சொல் போதாதா? பெல் அடித்து, காலைக்கூட ஊன்றாமல், "பொறு" என்று ஒரு சொல்? என்னைத் திட்டிக்கொண்டே சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேனே!

நீ கால் மணி நேரம் நின்றதை நான் மன்னித்துவிட்டேன். நான் என்றாலும் நின்றிருப்பேன். என் வாசலில் நிற்காமல் போனாயே, அதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

இனிமேல் அணை வற்றினாலும் சீட்டில் என் பேர் இருக்காது. கீழே நிலம் இல்லாதவளுக்கு மேலே பங்கு ஏது? முழு வயலும் உனக்குத்தான். அறுத்த மறுநாள் காலி செய்துவிடுகிறேன். பதில் எழுதாதே.

தங்கச்சி

செப்டம்பர் 28

தங்கச்சிக்கு,

பதில் எழுதாதே என்றாய். நேரில் சொல்லலாம் என்றுதான் வந்தேன். வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. கதவைத் தட்டக் கை வரவில்லை. மாப்பிள்ளையின் வெட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் அளவு வரைகிற தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் நிலத்தில் இயந்திரம் இறங்கியது. போய் அதன் முன்னால் நின்றேன். ஓட்டுகிற ஆள் நல்லவன், இறங்கி வந்து, "அண்ணே, தள்ளிக்கங்க, நான் கூலிக்கு ஓட்டுறவன்" என்றான். தள்ளிக்கொள்ளவில்லை. சூளைக்காரர் வந்து உன் கையெழுத்தைக் காட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, இந்த நான்கு மாசத்தில் வேறு யார் கையெழுத்தைப் பார்த்தேன்? தள்ளிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் என் தலை மறைகிற ஆழத்துக்குப் போய்விட்டது. அது போய்விட்டது, தங்கச்சி. அதை என்னால் திருப்பித் தர முடியாது.

அங்கிருந்து நேராக டீச்சரம்மாவிடம் போனேன். சங்கப் பதிவேட்டில் என் வயலை இரண்டாக எழுதச் சொன்னேன். ஒரு போகத்துக்கு இல்லை, எப்போதைக்கும். பத்திர ஆபீஸுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், நீயும் வர வேண்டும். அன்றைக்கு நீ கேட்டதைக் கொடுத்திருந்தால் மேலேயும் உனக்குப் பாதி, கீழேயும் பாதி. இன்றைக்கு என்னால் முடிந்தது மேலே உள்ள பாதிதான். கீழே உள்ளதற்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? உன் அண்ணி சொல்லிக் கொடுத்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

எந்தப் பாதி என்று நான் சொல்ல மாட்டேன். நீ சொல். கிழக்குதான் வேண்டும் என்றால் சண்டை போடுவேன். விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதே. நான்கு வண்டி எரு என்னுடையது.

"மச்சான், அவ உள்ளதான் இருக்கா. நாலு அடி. இதுக்குமா லெட்டர்?" என்று மாப்பிள்ளை கேட்கிறார். உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறார். அதனால் நானே கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன்.

படித்து முடித்ததும் எழுத உட்காராதே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். திட்டுவதாக இருந்தாலும் திறந்து திட்டு.

அண்ணன்